கத்தரிக்காய்க்குச் செவுள் பாத்தவர்

"சந்தையிலை உயிரோடைதான் இருந்தது. எங்கடை வீட்டை வந்துதான் சாகுது."

குருநகர்ச் செபநாயகத்தின்ரை வாயாலை இந்தக் கதை வராத நாளில்லை. சொல்லுற விதமும் எப்பவும் ஒண்டுதான். முதல் பாதியைப் பூசையிலை வாசகம் வாசிக்கிறமாதிரி நிறுத்தி நிதானமாய்ச் சொல்லுவார். "வீட்டை வந்து" எண்டேக்கை குரல் கீழை இறங்கும். "சாகுது" எண்டேக்கை வாடின பயித்தங்காய் ஒண்டை வாலிலை பிடிச்ச எலிமாதிரித் தூக்கி ஆட்டிக் காட்டுவார். மனிசி மேர்சி குசினிக்குள்ளை நிண்டு, "அடக்கம் எத்தினை மணிக்காம்?" எண்டு கேப்பா. அவர் சிரிக்கமாட்டார். பயித்தங்காயை மேசையிலை வளத்திப்போட்டு அதையே பாத்துக்கொண்டிருப்பார்.

அந்தாளுக்கு உது பகிடி இல்லை. தலைமயிர் கறுப்பாய் இருந்த காலத்திலையிருந்து அவருக்குத் தொழில் ஐஸ் அடிக்கிறது. கரைக்கு வந்த மீனைக் கழுவி, ஐஸ் ஒரு படை மீன் ஒரு படையாய் அடுக்கி, மூடி இறுக்கி லொறியிலை ஏத்திவிடவேணும். செபநாயகம் அடுக்கின பெட்டியைக் கொழும்பிலை திறந்தாலும் மீன் இப்பத்தான் வள்ளத்தாலை இறங்கினமாதிரி முழிச்சுப் பாக்கும் எண்டு கரையிலை கதை. ஒரு சாமானைக் கெடவிடாமல் வைக்கத் தெரிஞ்ச மனிசன் எண்டுதான் ஊருக்குள்ளை அவருக்குப் பேர். அந்த மனிசன்ரை வீட்டிலை, ரெண்டு நாளிலை கீரை மஞ்சளாகி, தக்காளி அழுது, வெண்டிக்காய் வழுவழுத்தால் அவருக்கு எப்பிடி இருக்கும்.

முந்தி இந்தக் கரைச்சல் இல்லை. அண்டாடம் வண்டிலிலை வாற மரக்கறியிலை மேர்சி அண்டைக்குத் தேவையானதை மட்டும் வாங்குவா. அதுக்குக் கெட நேரமே இருக்காது. முழங்கால் ஈரத்திலை நிண்டு நிண்டு பழுதாய்ப் போய், செபநாயகம் கரைக்குப் போறதைப் பாதியாய்க் குறைச்சாப் பிறகுதான் சந்தைக்குப் போற பொறுப்பைத் தானே எடுத்தவர். எடுத்தவர் சும்மா எடுக்கேல்லை. கிழமைக்கு ஒருக்கா மோட்டார் சைக்கிளிலை கொடிகாமத்துக்கே போவன், தோட்டத்தாலை நேரை வந்து இறங்கிற சாமானை வாங்குவன் எண்டு வெளிக்கிட்டார்.

கொடிகாமத்திலை அவர் மரக்கறி வாங்கிற வடிவை ஒருக்காப் பாக்கவேணும். கத்தரிக்காயை எடுத்து, காம்புக்குக் கீழை இருக்கிற பச்சைத் தொப்பியைப் பெருவிரலாலை நெம்பி உள்ளுக்குப் பாப்பார். மீனுக்குச் செவுளைத் தூக்கிச் சிவப்புப் பாக்கிற பழக்கம். பேந்து வயித்துப் பக்கத்தை அமத்தி, அமத்தின இடம் மேலை வருதோ எண்டு பாப்பார். அங்கை மரக்கறி விக்கிற றஜனி முதல் நாள் பேசாமல் இருந்தா. ரெண்டாந்தரம், "ஐயா, உதுக்குச் செவுள் இல்லை" எண்டா. பக்கத்துக் கடைக்காரர் எல்லாம் சிரிச்சவை. செபநாயகத்துக்கு அண்டைக்கே மனதிலை ஒண்டு விழுந்திட்டுது. தான் கரைக்காரன் எண்டு இவைக்குத் தெரிஞ்சுபோச்சு, மரக்கறி தெரியாதவன் எண்டு பழசைத் தள்ளிவிடுகினம் எண்டு.

பிறகு வாங்கினதெல்லாத்தையும் சொப்பிங் பாக்கிலை திணிச்சு, வாயை ரெண்டு முடிச்சாய் இறுக்கி, ஹான்டிலிலை ரெண்டு பக்கமும் கொழுவி, கொதிக்கிற வெயிலிலை கண்டி வீதியாலை வருவார். வீட்டை வந்தவுடனை முதல் வேலை, எல்லாத்தையும் பெரிய பேசினுக்கை கொட்டி மூண்டு தண்ணியிலை அலசிறது. மீனைக் கழுவாமல் ஆரும் வைப்பினமோ எண்டு கேப்பார். பிறகு கீரை, தக்காளி, கதலிப் பழம் எல்லாத்தையும் ஈரத்தோடை திரும்பப் பாக்குக்குள்ளை போட்டுக் கட்டி, பிறிஜ்ஜுக்குள்ளை அமத்தி வைப்பார். அடுத்தநாள் பாக்கைத் தொட்டால் உள்பக்கம் முழுக்க வேர்த்துக் கிடக்கும். பிறிஜ் ஒழுகுது எண்டு, பிறிஜ் திருத்திற பாஸைக் கூப்பிட்டுக் காட்டினவர். பாஸ் ஒரு பழுதும் இல்லை எண்டிட்டுப் போனான்.

பிறிஜ் தப்ப, சந்தேகம் கடல் காத்திலை போச்சு. உப்புக் காத்துப் பட்டுத்தான் கீரை வாடுது எண்டு குசினி யன்னலைப் பூட்டினார். அதுக்குப் பிறகு பக்கத்து வீட்டுக் கொலின்ஸ். அவன் ஒருநாள் படலையடியிலை நிண்டு, "அண்ணை, நல்ல மரக்கறி போலை" எண்டவன். அவ்வளவுதான், கண்ணூறு எண்டு முடிவாச்சு. அடுத்த கிழமையிலையிருந்து மரக்கறி பின்படலையாலைதான் வீட்டுக்குள்ளை போனது. அதுவும் செத்தது.

"எல்லாரையும் பிடிச்சு விசாரிச்சாச்சு," எண்டா மேர்சி. "விசாரிக்காத ஆள் ஒராள் இருக்கு. முகம் வழிக்கேக்கை கண்ணாடியிலை தெரியும், பாருங்கோ."

இந்த நேரம் பாத்துத்தான் ஷெரோன்ரை கதை வந்தது.

ஷெரோன் ஒரே பிள்ளை. யாழ்ப்பாணத்திலை ஒரு கந்தோரிலை படம் கீறிற வேலை, வீடு கட்டிறதுக்குக் கீறுற படம். அங்கை கூட வேலை செய்யிற மயூரதனை அவளுக்குப் பிடிச்சிருந்தது. பெடியன் இணுவில். வீடு சைவம், அதுவும் முட்டை கூடப் படலை தாண்டாத சைவம். பெடியனுக்குத் தகப்பன் இல்லை, தாய் சிவக்கொழுந்துதான் எல்லாம். தோட்டக் காணிக்குள்ளை பிறந்து வளந்த மனிசி. சட்டி திறக்க முதலே, கத்தரிக்காய் எப்ப பிடுங்கினது எண்டு மணத்திலை சொல்லுவாவாம். வேதக்கார வீட்டிலை சம்மந்தம் எண்டு கேட்டவுடனை அவ குளறவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. மெல்லமாய் ஒரே ஒரு கதைதான் சொன்னாவாம். பிள்ளையின்ரை வீட்டிலை ஒருநேரம் சோறு திண்டாத்தான் எனக்கு ஒரு முடிவு வரும் எண்டு.

பஞ்சாங்கம் பாத்து வெள்ளிக்கிழமை எண்டு குறிச்சுவிட்டா. அவவுக்கு வெள்ளி விரதம் வேறை. ஒரு நேரச் சோறுதான், அதுவும் இங்கை.

செபநாயகம் அண்டையிலையிருந்து மரக்கறிக் கதை தவிர வேறை கதை கதைக்கேல்லை. மீன் கேட்டிருந்தால் அந்த மனிசன் அரசாங்கத்துக்கே விருந்து வைச்சிருப்பார். மரக்கறியிலை விருந்து. அதுவும் மரக்கறி வந்து சாகிற வீட்டிலை. சட்டி சரியில்லாட்டி, ஒரு வெண்டிக்காயின்ரை பேரிலை தன்ரை பிள்ளையின்ரை கலியாணம் குழம்பிப் போகும் எண்டதுதான் அவரின்ரை பயம்.

ஷெரோனுக்கு வேறை பயம். ஒருநாள் பின்னேரம் தகப்பனுக்குத் தேத்தண்ணி குடுக்கேக்கை மெல்லக் கேட்டாள், அந்த அம்மா வேலையை விடச் சொன்னால் என்னப்பா செய்யிறது எண்டு. மயூரதன்ரை தமையன் கட்டின பெட்டையும் முந்தி வேலைக்குப் போனவளாம், இப்ப போறேல்லையாம். செபநாயகம் கையை விசுக்கினார். முதல் சோறு சரியாய் இறங்கட்டும் மோளே, மற்றதுகளைப் பேந்து பாப்பம் எண்டார். அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளுக்குப் போனாள்.

அந்தக் கிழமை நடுவிலை இன்னொரு இடி. வெள்ளிக்கிழமை முழுக் கடையடைப்பு எண்டு பேப்பரிலை வந்தது. சந்தை இல்லை, கடை இல்லை, வண்டில் கூட வராது. நாளை மாத்துவமோ எண்டு மயூரதனிட்டைக் கேட்டால், தாய் சொன்ன மறுமொழியை அவன் அப்பிடியே தாயின்ரை குரலிலை சொன்னான்: "கடையைத்தானே பூட்டுகினம், நல்ல நேரத்தையும் பூட்டுகினமோ?"

அப்பிடியெண்டால் வியாழக்கிழமையே வாங்கி, வெள்ளி மத்தியானம் மட்டுக்கும் உயிரோடை வைச்சிருக்கவேணும். செபநாயகம் வியாழன் விடியவே கொடிகாமத்திலை நிண்டார். அண்டைக்கு வாங்கினது எல்லாம் முதல்தரம். கத்தரிக்காய் கண்ணாடிமாதிரி. வெண்டிக்காய் நுனியை முறிச்சால் டக்கெண்டு சத்தம். றஜனி ஏதும் விசேசமோ எண்டு கேக்க, ஆரிட்டையாவது சொல்லவேணும்போலை இருந்த மனிசன் முழுக்கதையையும் சொல்லிப்போட்டார். அவ சிரிக்கேல்லை. நல்லதாய்ப் பாத்துப் பொறுக்கித் தந்தா. தரேக்கை, "பாக்கைக் கட்டாமல் கொண்டுபோங்கோ ஐயா, காத்துப் படட்டும்" எண்டா.

செபநாயகம் ஓம் ஓம் எண்டு தலையாட்டினார். நாளைக்குப் பழுதானால், நீ கட்டினபடியால்தான் பழுதாச்சு எண்டு சொல்ல இப்பவே வழி வெட்டுறா எண்டு நினைச்சுக்கொண்டு, வீதி திரும்பினவுடனை மோட்டார் சைக்கிளை நிப்பாட்டி ரெண்டு முடிச்சுப் போட்டார்.

வழியெல்லாம் யோசிச்சு யோசிச்சுத்தான் அந்த முடிவுக்கு வந்தவர். பிறிஜ்ஜை நம்பி ஏமாந்தது இனிக் காணும். தனக்குத் தெரிஞ்ச தொழிலை ஏன் செய்யக்கூடாது?

வீட்டை வந்து, மீன் மணம் துளியும் படாத புது வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒண்டு எடுத்தார். மரக்கறியை மூண்டு தண்ணிக்குப் பதிலாய் நாலு தண்ணியிலை அலசினார். அடியிலை ஐஸ் ஒரு படை. அதுக்கு மேலை கத்தரிக்காய். ஐஸ். பயித்தங்காய், வெண்டிக்காய். ஐஸ். கீரை, தக்காளி. மேலை கதலிப் பழம். குளிர் கூட நிக்கட்டும் எண்டு, தூரத்து லொறிக்குப் போடுறமாதிரிப் படைக்குப் படை கல்லுப்பும் அள்ளி எறிஞ்சார். மூடியைப் போட்டுச் சுத்திவரப் பிளாஸ்ரர் ஒட்டி, மேலை அம்மிக்குழவியையும் தூக்கி வைச்சார். முகத்திலை எத்தினையோ நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு.

முருங்கைக்காயும் புடலங்காயும் நீளம், பெட்டிக்குள்ளை போகேல்லை. வெட்டினால் கெட்டுப்போகும் எண்டு அதுகளையும், இடமில்லாமல் மிஞ்சின கொஞ்சக் கத்தரிக்காயையும் கழுவாமலே ஒதுக்கினார். மேர்சி அதுகளைப் பழைய வலைத்துண்டு ஒண்டிலை போட்டு, பூட்டிக் கிடந்த குசினி யன்னலைத் திறந்து கம்பியிலை தூக்கிவிட்டா. உது நாளைக்குச் செத்துப்போகும், கோழிக்குப் போடு எண்டார் செபநாயகம். மேர்சி அவரையும் பாத்து, அம்மிக்குழவியையும் பாத்து, யன்னலைத் திறந்தபடியே விட்டிட்டுப் போனா.

வெள்ளி விடியப் பெட்டி திறந்தது.

தக்காளியிலை கையை வைக்க, விரல் உள்ளுக்குப் போச்சு. பயித்தங்காய் கண்ணாடிக் குழாய்மாதிரி விறைச்சு, வெளியிலை எடுத்துவைக்கத் தண்ணியாய் வழிஞ்சது. வெண்டிக்காய் கறுப்பு. கீரை கீரையாய் இல்லை, வள்ளத்தடியிலை ஒட்டுற பாசி. கதலிப் பழம் கரிக்கட்டை. செபநாயகம் ஒவ்வொண்டாய் எடுத்து வெளியிலை வைச்சார். வைச்சு வைச்சு, அடியிலை கிடந்த கத்தரிக்காய் மட்டுக்கும் போய்ப் பாத்தார். ஒண்டாவது தப்பியிருக்கும் எண்டு.

மேர்சி வந்து பாத்தா. அண்டைக்கு அடக்கம் எத்தினை மணிக்கு எண்டு கேக்கேல்லை. அவ பகிடி விடாமல் நிண்டதுதான் செபநாயகத்தைக் கூடப் பயப்படுத்தினது.

ஷெரோன் முழுகின ஈரத்தலையோடை வந்து குனிஞ்சு, பெட்டித் தண்ணியிலை விரலைத் தொட்டு நாக்கிலை வைச்சாள்.

"உப்புப் போட்டனீங்களோ அப்பா?"

"கொஞ்சம்."

அம்மாவுக்குக் காய்ச்சல் எண்டு மயூரதனுக்குச் சொல்லிவிடுவமோ எண்டு அவள் கேட்டாள். செபநாயகம் வேண்டாம் எண்டார். பொய்யிலை தொடங்கினால் கடைசிமட்டும் பொய்தான் சொல்லவேணும் எண்டிட்டு, மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்.

ரவுணெல்லாம் பூட்டுத்தான். சந்தைப் பக்கம் ஒரு மாடு மட்டும் பழைய முட்டைக்கோவா இலையொண்டைச் சப்பிக்கொண்டு நிண்டது. செபநாயகத்துக்கு அந்த இலையிலையே கண் போனது. தெரிஞ்ச கடைக்காரன்ரை வீட்டுப் படலையைத் தட்டினார், ஆளில்லை. திரும்பி ஊருக்குள்ளை ஒழுங்கை ஒழுங்கையாய் வந்தார். குருநகரிலை வெள்ளிக்கிழமை விடிய ஆரின்ரை வீட்டிலை மரக்கறி இருக்கும்? கொலின்ஸ் வாசலிலை நிண்டு, விசயம் கேட்டு, பாவப்பட்டுப் பாவப்பட்டுச் சொன்னான். "விளைமீன் கிடக்கு அண்ணை, துடிக்கத் துடிக்க. மரக்கறி எண்டால் எங்களிட்டைக் கறிவேப்பிலைதான்." கண்ணூறுக்காரன் எண்டு இவ்வளவு நாளும் ஒளிச்சுத் திரிஞ்ச ஆளிட்டை, செபநாயகம் கறிவேப்பிலையை ரெண்டு கையாலையும் வாங்கினார்.

அதோடை குசினிக்குள்ளை வந்து நிண்டவர்தான், யன்னலைப் பாத்தார்.

வலைத்துண்டு காத்திலை மெல்ல ஆடினது. அதுக்குள்ளை முருங்கைக்காய் நேற்றுப் பாத்த பச்சையிலையே கிடந்தது. புடலங்காய் கொஞ்சமும் தளரேல்லை. கத்தரிக்காயிலை கொடிகாமத்துப் புழுதி அப்பிடியே ஒட்டிக்கிடந்தது. எடுத்துத் தொப்பியை நெம்பிப் பாத்தார். வயித்தை அமத்தினார். அமத்தின இடம் மேலை வந்தது. கழுவாதது, கட்டாதது, மூடாதது, கோழிக்கு எண்டு சொன்னது. அந்த உப்புக் காத்து விடியவிடிய அதிலை பட்டிருக்கு.

சொப்பிங் பாக்குக்குள்ளை வேர்த்துக் கிடந்தது அவருக்கு நினைவு வந்தது. செத்த சாமான் வேர்க்காது. மீன் பெட்டிக்கை வரேக்கை செத்துத்தான் வரும், அது கெடாமல் ஐஸ். மரக்கறி பிடுங்கினாப் பிறகும் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கு. காத்துப் படட்டும் எண்டு றஜனி சொன்னதும் உதுதான். இவ்வளவு நாளும் "உயிரோடை இருந்தது" எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சது தான்தானே. சொன்னதைத் தானே நம்பாமல், பிடிச்சு மூடி மூச்சை நிப்பாட்டினதும் தான்தான். அவர் குசினிக்குள்ளை கிடந்த மர வாங்கிலை குந்தினார். மேர்சி அவரின்ரை கையிலையிருந்த கத்தரிக்காயைப் பறிச்சு, "பிரேதப் பரிசோதனை முடிஞ்சால் எழும்புங்கோ, தேங்காய் உரிக்கோணும்" எண்டா. மனிசிக்குப் பகிடி திரும்பி வந்திட்டுது எண்டதிலை அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மத்தியானம் மயூரதன்ரை காரிலை சிவக்கொழுந்து வந்திறங்கினா. மெல்லிய உடம்பு, திருநீறு, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போடுற கதை. சுகம் விசாரிச்சா. பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுப் பாத்தா. சாப்பிட முதல் கால் முகம் கழுவோணும், பைப் எங்கை எண்டு கேட்டா. மேர்சி முன்பக்கம் கூட்டிக்கொண்டு போக முதலே சிவக்கொழுந்து பின்பக்கத்தாலை நடந்திட்டா.

பின்பக்கத்திலை, பைப்படியிலை, விடியப் பழுதானதெல்லாத்தையும் திரும்ப அள்ளிப் போட்டு, தென்னோலைக் கிடுகாலை மூடின வெள்ளைப் பெட்டி. அதுக்கு மேலை ஒரு பூனை. குருநகர்ப் பூனைக்கு வெள்ளைப் பெட்டி எண்டாலே மீன்தான், உள்ளுக்கு என்ன கிடந்தாலும் வந்து ஏறும். சிவக்கொழுந்து பூனையைப் பாத்தா. பெட்டியைப் பாத்தா. ஒரு அடி பின்னுக்கு வைச்சா. "இண்டைக்கு வெள்ளிக்கிழமை" எண்டா, ஒருத்தரையும் பாக்காமல்.

செபநாயகம் ஒருக்கா யோசிச்சார். பேசாமல் விட்டால் மீன் எண்டு நினைப்பா, எல்லாம் முடிஞ்சுது. திறந்தால் இவன் விசரன் எண்டு நினைப்பா. அவர் பூனையைக் கலைச்சு, கிடுகை இழுத்து, மூடியைத் திறந்தார். மீன் இல்லையம்மா, நீங்கள் வாறியள் எண்டு வாங்கின மரக்கறி, கெடக்கூடாது எண்டு நான்தான் இப்பிடி வைச்சனான் எண்டு சொன்னார்.

சிவக்கொழுந்து குனிஞ்சு கத்தரிக்காய் ஒண்டை எடுத்து அமத்தினா. உப்புத் தண்ணி மணிக்கட்டாலை வழிஞ்சது.

"கழுவியே வைச்சனீங்கள்?"

"ஓம். நாலு தண்ணி."

"ஐஸ் போட்டு, உப்பும் போட்டு, மூடி இறுக்கி."

"ஓம்."

மனிசி அதைத் திருப்பிப் பெட்டிக்குள்ளை மெல்ல வைச்சா, கையைக் கழுவினா. முகத்திலை ஒண்டும் எழுதியிருக்கேல்லை. அந்த முகத்தை வாசிக்கப் பாத்துப் பாத்துத்தான் செபநாயகம் வாழையிலை போட்டார்.

முருங்கைக்காய்க் கறி, புடலங்காய் வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, அப்பளம். கொலின்ஸின்ரை கறிவேப்பிலை எல்லாத்திலையும். சிவக்கொழுந்து அவசரப்படாமல் சாப்பிட்டா. முருங்கைக்காய்க் கறிக்கு ரெண்டாந்தரம் இலையைக் காட்டினா. மயூரதன் ஷெரோனைப் பாத்தான், ஷெரோன் தாயைப் பாத்தாள். செபநாயகம் அப்பத்தான் தன்ரை இலையிலை முதல் கவளத்தை எடுத்தார்.

அப்பத்தான் சிவக்கொழுந்து கதைச்சா. எனக்கு மனதுக்குப் பிடிச்சிருக்கு எண்டா. ஆவணியிலையே வைக்கலாம் எண்டா. பேந்து அதே குரலிலை, அப்பளத்தை நொருக்கிக்கொண்டு, "கலியாணத்துக்குப் பிறகு பிள்ளை வேலை வேலையெண்டு வெயிலிலை அலையத் தேவையில்லை. எங்கடை வீட்டிலை ஒரு குறையும் வராது. உள்ளுக்குள்ளை பத்திரமாய் வைச்சிருப்பம்" எண்டா.

ஷெரோன்ரை விரல் சோத்துக்குள்ளை நிண்டது. மயூரதன் தண்ணி குடிச்சான், குடிச்சுக்கொண்டே இருந்தான். மேர்சி கறண்டியோடை அப்பிடியே நிண்டா. இவ்வளவு நாளும் தான் பயப்பிடவேண்டியதுக்குப் பயப்பிடாமல் வெண்டிக்காய்க்குப் பயந்து திரிஞ்சது செபநாயகத்துக்கு இப்பத்தான் விளங்கினது. அண்டைக்குப் பின்னேரம், முதல் சோறு இறங்கட்டும் எண்டு பிள்ளைக்குக் கையை விசுக்கினவர். சோறு இறங்கிட்டுது.

ஒருத்தரும் கதைக்காததைக் கண்டு, சிவக்கொழுந்து பகிடியாலை அதை மூடப் பாத்தா. கண்ணுக்குள்ளை மட்டும் சிரிச்சுக்கொண்டு, "ஏன் ஷெரோன்ரை அப்பா, ஆராவது மரக்கறியைப் பெட்டிக்கை போட்டு மூடி ஐஸ் வைப்பினமோ? உயிரோடை வந்த சாமானை" எண்டா.

செபநாயகம் கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு அவவின்ரை இலைக்கு முன்னாலை போய் நிண்டார். குரல் பூசை வாசகம் வாசிக்கிற குரல்தான், ஆனால் இந்தமுறை கீழை இறங்கேல்லை.

"மீன் செத்த சாமான், சம்மந்தி, அதை மூடி ஐஸ் போட்டால்தான் நிக்கும், அது என்ரை தொழில். உயிருள்ளதை அப்பிடி வைக்கக்கூடாது எண்டு இண்டைக்கு விடியத்தான் படிச்சனான், படிப்புக்குக் குடுத்த கூலி அங்கை பைப்படியிலை கிடக்கு. என்ரை பிள்ளையை மட்டும் நான் ஒருநாளும் மூடி வைக்கேல்லை, வெயிலிலையும் காத்திலையும் போய்வந்துதான் அவள் வாடாமல் இருக்கிறாள். உங்கடை வீட்டுக்கு வந்தாலும் அவள் வேலைக்குப் போய்வரட்டும், காத்துப் படட்டும். இல்லை, உள்ளுக்குள்ளை பத்திரமாய்த்தான் வைக்கோணும் எண்டால், இன்னும் ஒரு கறண்டி முருங்கைக்காய்க் கறி விடுறன், வடிவாய்ச் சாப்பிட்டிட்டுப் போங்கோ, பெட்டை இங்கையே நிக்கட்டும்."